தேரிக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர்

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி, முனைஞ்சிப்பட்டி வழியாகத் தெற்கே வரும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தால், சாத்தான்குளம் நெருங்குவதை மண்ணே சொல்லிவிடும். கருப்பும் சாம்பலுமாக இருந்த நிலம் மெல்லச் சிவக்கும். வயல் குறைந்து பனை கூடும். முருங்கைத் தோட்டம் ஒன்று, அதற்கு அடுத்து உடைமரக் காடு, அதற்கும் அடுத்து ஒரு வாழைத் தோட்டம் என்று மாறி மாறி வரும். பிறகு திடீரென்று செங்காவி நிறத்தில் ஒரு மணல் மேடு எழுந்து நிற்கும். அதுதான் தேரி.

தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற வட்டம் சாத்தான்குளம். கடல் இங்கிருந்து 15 கி.மீ. தூரம்தான். மணப்பாடும் குலசேகரன்பட்டினமும் அந்தப் பக்கம். பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. சாத்தன் என்பது அய்யனாரின் பழம்பெயர் என்று தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். சுற்றிலும் எங்கே திரும்பினாலும் அய்யனார் கோயில்தான். பக்கத்தில் முதலூர் இருக்கிறது. தேங்காய்ப் பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்குப் பேர் போன ஊர். இந்த வழியாகப் போகிறவர்கள் அரைக்கிலோவாவது வாங்காமல் போவதில்லை.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரைப் போட்டதும் முதலில் வரும் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். முகத்தைக் கழுவுவது அதற்குப் பிறகுதான். இரண்டு விவசாயிகள் சந்தித்தால் மழையைக் கேட்டுவிட்டு அடுத்தபடியாகக் கேட்பது, "தண்ணி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்பது. எவ்வளவு இருக்கிறது என்பது அதன் பொருளல்ல. நல்ல தண்ணியா, சவரா என்பதுதான் கேள்வி. சவர் என்று பதில் வந்தால் கேட்டவர் அடுத்த வார்த்தை பேசக் கொஞ்ச நேரமாகும். அது நாளைக்குத் தன் கிணற்றுக்கும் வரலாம் என்று அவருக்குத் தெரியும்.

காற்று கொண்டுவந்த மண்

தேரி என்பது மலையும் அல்ல, பாலைவனமும் அல்ல. காற்று குவித்த மணல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் புகுந்து வீசும் மேல்காற்று, மண்ணை அள்ளிக்கொண்டு கிழக்கே வந்து கடலோரத்தில் கொட்டியது. கடல் இப்போதுள்ளதைவிட வெகு தூரம் உள்வாங்கிக் கிடந்த காலத்தில் வெளியே தெரிந்த மணலும் இதில் சேர்ந்தது என்கிறார்கள் நிலவியல் ஆய்வாளர்கள். இரும்புத் துரு மணலின் மேல் பூச்சாகப் படிந்ததால் இந்தச் சிவப்பு. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி, இடையன்குடிப் பக்கத்துத் தேரி என்று தொடர்ச்சியாகக் கிடக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத் வட்டாரத் தேரிகளில் சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் எழுதினார்கள். வேட்டையாடி மீன் பிடித்து வாழ்ந்த மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மணலில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆக, கடல் ஏறுவதும் இறங்குவதும், வெயிலும் மழையும் மாறுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தேரியே அப்படி ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். "பருவம் எப்பவும் மாறத்தான் செய்யும், அதுக்கு என்ன இப்போ?" என்று டீக்கடையில் வாதம் செய்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி வேகத்தில் இருக்கிறது. அன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்த மாற்றத்தை இன்று ஒரு மனிதன் தன் தாத்தா சொன்னதையும் தான் பார்த்ததையும் ஒப்பிட்டே கண்டுகொள்ள முடிகிறது.

ஒரு காலத்தில் இந்த மணல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆடிக் காற்றில் தோட்டத்தையும் பாதையையும் மூடியது. அதைப் பிடித்து நிறுத்தியது பனையும் தாழையும் உடையும், பிறகு நட்ட கொல்லா மரமும்தான். இன்று தேரியின் மேல் நடந்தால் பல இடங்களில் கால் கணுக்கால்வரைதான் புதையும். முன்பு முழங்கால்வரை புதையும் என்பார்கள் பெரியவர்கள்.

வறண்ட மணல் மேடாகத் தெரியும் இந்தத் தேரிதான் வட்டாரத்தின் பெரிய தண்ணீர்த் தொட்டி. களிமண் நிலத்தில் மழை பெய்தால் மேலோடு ஓடிவிடும். தேரியில் பெய்வது அப்படியே உள்ளே இறங்கும். எவ்வளவு கொட்டினாலும் மணலின் மேல் ஓடை ஓடுவதைப் பார்ப்பது அரிது. இறங்கிய தண்ணீர் மணலுக்கு அடியில் மெதுவாகக் கடலை நோக்கி நகரும். தாழ்ந்த இடங்களில் அது வெளியே தலைகாட்டும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாலு பக்கமும் செம்மணல், நடுவே குளிர்ந்த தண்ணீர். சாத்தான்குளம் பக்கத்தில் தேரிகளுக்கு இடையே பரந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரிகளுக்குத் தருவை என்று பெயர். வைரவம் தருவை, புத்தன்தருவை இரண்டும் நிறைந்த ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கயிறு குறைவாக இறக்கினால் போதும்.

ஒரு அடிக்கு நாற்பது அடி

திருச்செந்தூருக்குப் போனவர்கள் எல்லோரும் நாழிக்கிணறு பார்த்திருப்பார்கள். அலை அடிக்கும் கரைக்கு வெகு அருகில், படி இறங்கிப் போனால் ஒரு சிறு குழியில் நல்ல தண்ணீர். முருகன் அருள் என்று மொண்டு குளிக்கிறார்கள். அந்தக் கிணறு கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. கடலோர விவசாயி ஒவ்வொருவரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடல் தண்ணீர் உப்பால் கனமானது. நல்ல தண்ணீர் இலேசானது. ஆயிரம் கிலோ நல்ல தண்ணீர் கொள்ளும் தொட்டியில் கடல் நீரை நிரப்பினால் 1,025 கிலோ வரும். அதனால் நிலத்துக்கு அடியில் இரண்டும் சந்திக்கும்போது நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கீழே ஆப்பு போலப் புகுந்து நிற்கும். எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மண்ணின் தன்மையைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பயம் தெரியும். மேலே தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறி வரும். கிணற்றுக்காரர் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு அடி மட்டுமே.

கமலையில் மாடு கட்டி இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். அந்த ஓய்வில் தேரித் தண்ணீர் மறுபடி ஊறிவிடும். ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு மின் மோட்டார் வந்தது, 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது. கிணறு ஆழ்துளைக் கிணறானது. 60 அடியில் கிடைத்த தண்ணீரைத் தேடி அதற்குப் பல மடங்கு ஆழம் போனார்கள். மோட்டார் களைப்பதில்லை. இலவச மின்சாரம் இல்லாவிட்டால் சிறு விவசாயி அன்றே நிலத்தை விட்டிருப்பார் என்பதும் உண்மை, அது கிணற்றை அளவுக்கு மீறி இறைக்க வைத்தது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

முதலில் அடி வாங்கியது கடலோரம். உடன்குடி வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் பச்சைப் பந்தலாக நின்ற இடங்கள் உண்டு. வெற்றிலை உப்பைத் துளியும் தாங்காது. தண்ணீர் சவர்த்ததும் இலை சிறுத்து, விளிம்பு கருகி, கொடி காய்ந்தது. கொடிக்கால் போன இடத்தில் வாழை வைத்தார்கள். வாழையும் உப்புக்குப் பயந்த பயிர்தான். அதுவும் போன இடத்தில் தென்னை வந்தது. தென்னை தாங்கும், ஆனால் காய் சிறுக்கும். இந்த வரிசை இப்போது கடலிலிருந்து மேற்கே, சாத்தான்குளத்தை நோக்கி நகர்கிறது என்பதுதான் இங்குள்ளவர்களின் கவலை. உலகக் கடல் மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கேட்க ஒரு சாண் போலத்தான் இருக்கும். கீழே இருக்கும் உப்பு ஆப்புக்கு ஒரு சாண் என்பது சின்ன உதவி அல்ல.

ஆழ்துளைக் கிணற்றில் சவர் தட்டியதும் பலரும் செய்வது, இன்னும் 50 அடி இறக்கிப் பார்ப்பது. கடலோரத்தில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, கீழே போகப் போக உப்பைத்தான் தொடுவோம். ஒரே குழாயில் நாள் முழுக்க இழுத்தால் குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பு போல எழும்பி வரும். ஆழத்தைக் குறைத்து, இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைப்பதுதான் வழி. பழைய அகலக் கிணற்றைத் தூர்த்துவிடாமல் வைத்திருப்பவர் புத்திசாலி.

ஒரே நாளில் 47 சென்டிமீட்டர்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையின் சராசரி சுமார் 65 செ.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. சாத்தான்குளம் வானம் பார்த்த பூமி. அந்தச் சராசரியைக்கூடப் பார்க்காத ஆண்டுகள் நிறைய.

2023 டிசம்பர் 17 காலை தொடங்கிய மழை மறுநாள் காலைவரை விடவில்லை. 24 மணி நேரக் கணக்கை அளந்தபோது சாத்தான்குளத்தில் 47 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, காயல்பட்டினத்தில் 95. ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரு பகல், ஓர் இரவில் கொட்டித் தீர்த்தது.

ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு ஏக்கருக்கு 40,000 லிட்டர். 47 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 19 லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அன்றைக்கு ஏன் கரைகள் நிற்கவில்லை என்பது புரியும். தாமிரபரணி பெருகியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வாழைத் தோட்டங்கள் தண்ணீருக்கு அடியில் போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்ததைப் பயணிகள் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தப் பக்கம் முருங்கைக்காரர்கள் பட்டது தனிக்கதை. முருங்கைக்கு வறட்சி பயமில்லை. வேரில் தண்ணீர் நின்றால்தான் பயம். பூ எடுத்திருந்த மரங்களில் பூ மொத்தமும் உதிர்ந்தது. பள்ளமான தோட்டங்களில் வேர் அழுகி மரமே சாய்ந்தது. தேரி மணலிலேயே நின்ற முருங்கை மட்டும் தப்பியது, மணல் குடித்துவிட்டதால்.

ஏன் இப்படி? அந்த ஆண்டு எல் நினோ. பசிபிக் கடல் சூடேறும் ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை கூடுவதும் வழக்கம். குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி நகராமல் நின்றது. இவை பழைய காரணங்கள். புதிய காரணம் கடலின் சூடு. இந்தியப் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதி 1951-லிருந்து 2015-க்குள் சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பெரிய பஞ்சு அதிகத் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி. பிழியும்போதும் அதிகமாகக் கொட்டும். மறுபடி நிரம்ப அதிக நாளும் ஆகும். அதனால்தான் மழை நாள்கள் குறைந்தும் மழை அளவு குறையாமலும் இருக்கிறது. "சராசரி மழை பெய்திருக்கிறது" என்று கணக்கில் எழுதிவிடலாம். மானாவாரி உளுந்து விதைத்தவருக்கு அந்தச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை.

கரி எங்கே எரிகிறது

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளுடன் அனல் மின் நிலையம் இருக்கிறது. முதல் அலகு ஓடத் தொடங்கியது 1979-ல். அதற்கு அருகில் 1,000 மெகாவாட்டில் இன்னொன்று. உடன்குடிப் பக்கம் கல்லாமொழியில் 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள், கப்பலில் வரும் நிலக்கரியை இறக்கக் கடலுக்குள் நீளும் பாலத்தோடு. இன்னொரு பக்கம் காற்றாலைகள். தேரியைக் குவித்த அதே மேல்காற்றில் அவையும் சுற்றுகின்றன. காரணமும் மாற்றும் ஒரே பார்வையில் தெரியும் இடம் தமிழ்நாட்டில் இதுபோல் அதிகமில்லை.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஓடினால் 20 யூனிட்டுக்கு மேல் ஆகும். நல்ல தண்ணீரை இழுக்கும் மோட்டாரே கடலைச் சூடாக்கும் கரியில் ஓடுகிறது என்பது கசப்பான கணக்கு. ஆனாலும் இதைச் சொல்லி இந்த ஊர் விவசாயி தலையில் பழியைப் போடுவது நியாயமாகாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கைச் சேர்த்தவை பணக்கார நாடுகளின் இருநூறு ஆண்டுப் புகைபோக்கிகள். பூமியின் சராசரி வெப்பம் பழைய அளவைவிட 1.5 டிகிரி கூடாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம் என்று 2015-ல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024-ஆம் ஆண்டு தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த அளவைத் தாண்டிய முதல் ஆண்டு.

கடலுக்குள்ளும் அதே கதை. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த மன்னார் வளைகுடாவில், 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளப் பாறைகள் வெளிறின. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த பாவமும் அதில் உண்டு. 2015 முதல் செயற்கைப் பவளத் திட்டுகளைக் கடலில் இறக்கி அந்தத் தீவைக் காப்பாற்றும் வேலை நடக்கிறது. விளங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் முன்பே மூழ்கிவிட்டன.

பனைக்கும் பருவம் தப்புகிறது

தை, மாசியில் பாளை விட்டதும் பனை ஏறத் தொடங்கி, ஆடி வரைக்கும் பதனீர் இறக்குவது இந்தப் பக்கத்துக் கணக்கு. விடியுமுன் மரத்தில் இருப்பார்கள். பாளையைச் சீவி, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள்; சுண்ணாம்பு பிசகினால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை விடிலியில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இப்படித்தான் வருகிறது.

பங்குனியில் அடிக்கும் திடீர் மழை இதைக் கெடுக்கிறது. மழைத் தண்ணீர் கலயத்தில் விழுந்தால் அன்றைய பதனீர் வீண். நனைந்த மரத்தில் ஏறுவது உயிருக்கு ஆபத்து. வெயில் அளவுக்கு மீறினால் பாளை சீக்கிரம் வறண்டுவிடுகிறது. அடுத்த தலைமுறை ஏற வராததற்கு இது மட்டும் காரணமில்லை. உழைப்புக்கேற்ற கூலி இல்லை என்பதுதான் பெரிய காரணம். ஏற ஆளில்லாத பனையை ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்தார்கள். இப்போது மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. பனை விதைகளும் வழங்கப்பட்டன. குளக்கரையில் நட்ட விதை பாளை விட 15 ஆண்டுக்கு மேலாகும். அதுவரை கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதுவே லாபம்.

எம்.எல். தேரி வரை ஒரு கால்வாய்

சாத்தான்குளத்துக்காரர்கள் பல காலமாகக் கேட்டது ஒன்றுதான். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் கடலுக்குத்தானே போகிறது, அதில் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பக்கூடாதா? மருதூர் மேலக்காலிலிருந்து வரும் சடையனேரிக் கால்வாய் இருக்கிறது. ஆனால் அது கடைமடை. மேலே உள்ள வயல்கள் குடித்தது போக மிச்சம் வந்தால்தான். "தண்ணி திறந்தாச்சு" என்ற செய்தி செய்தித்தாளில் வந்த பிறகும் கால்வாயில் வராமல் போன ஆண்டுகள் உண்டு.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-ல் 369 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கியது. கன்னடியன் கால்வாயில் வெள்ளாங்குழியிலிருந்து சாத்தான்குளம் வட்டத்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கி.மீ. வெள்ளநீர்க் கால்வாய். விநாடிக்கு 3,200 கன அடி திருப்பலாம். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் என்று வறண்ட பகுதி முழுவதும் 23,040 ஹெக்டேர் பயன்பெறும் என்பது கணக்கு. ஆண்டுகள் ஓடின. செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில்தான் முதலமைச்சர் திறந்துவைத்தார். நடுவில் கிடந்த பதினைந்து ஆண்டுகளில் கடலோரத்தில் எத்தனை கிணறு சவர்த்தது என்பதைச் செலவுக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

கால்வாய் தேரியில் வந்து முடிவது நல்ல யோசனை. குளத்தில் நிறுத்தினால் பாதி வெயிலுக்குப் போகும். மணலுக்குள் இறக்கினால் உப்பு ஆப்பைக் கடலை நோக்கித் தள்ளும். ஆனால் இது வெள்ளநீர்க் கால்வாய். வெள்ளம் வந்தால்தான் தண்ணீர். எப்போது திறப்பது, மேலே உள்ள குளங்களை நிரப்பிவிட்டுத்தான் கீழே விடுவதா, சேர்ந்தே விடுவதா என்பதில்தான் வரும் ஆண்டுகளின் சண்டை இருக்கப்போகிறது. ஆற்றுப் பாசன விவசாயிகளுக்கு அவர்கள் பங்கு குறையுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அதையும் இந்தப் பக்கத்தவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

தேரியைக் காப்பது தண்ணீரைக் காப்பதுதான் என்று இந்த மக்கள் ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். தேரி மணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க டாடா ஸ்டீல் நிறுவனம் சாத்தான்குளம், ராதாபுரம் வட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்டது. 2007-ல் ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. திட்டம் வரவில்லை. வேலை வந்திருக்கும் என்று இன்றும் வருத்தப்படுகிறவர்களும் உண்டு. இப்போது குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்காகச் சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டங்களில் 2,233 ஏக்கர் எடுக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது.

தனி விவசாயி தன் தோட்டத்தில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். மணல் நிலத்தில் பண்ணைக்குட்டை தண்ணீரைப் பிடிக்காது; அடியில் ஷீட் விரிக்காமல் வெட்டினால் அது குட்டையாக இல்லாமல் உறிஞ்சுகுழியாகிவிடும். கிணற்றுக்குப் பக்கத்தில் என்றால் அதுவே நல்லது. குளத்து வண்டலை அள்ளிவந்து போட்டால் மணல் ஈரத்தைப் பிடிக்கும். தென்னை மட்டை, உரிமட்டை, பனையோலை எதுவாக இருந்தாலும் மரத்தடியில் மூடாக்காகப் போட்டால், ஆவியாகி மேலே படியும் உப்பு குறையும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம் உண்டு. ஆனால் சவர்த் தண்ணீரில் சொட்டுநீர் விட்டால் ஈரத்தின் ஓரத்தில் உப்பு வட்டமாகத் திரளும். மழைக்காலத்தில் ஒருமுறையாவது நன்றாகப் பாய்ச்சி அதைக் கழுவிவிட வேண்டும்.

நாக்கை நம்புவதைவிடப் பரிசோதனை மேல். நாக்குக்குச் சவர் தெரியும் முன்பே வாழைக்குத் தெரிந்துவிடும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, பெயர், கிணற்றின் ஆழம், பயிர் எழுதி அன்றைக்கே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும், வாகைக்குளம் ஸ்காட் வேளாண் அறிவியல் நிலையமும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. வரும் அறிக்கையில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் இருக்கும். அது 0.7-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 0.7-லிருந்து 3 வரை என்றால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் வாழையை மறந்துவிட்டுத் தென்னை போன்ற உப்பு தாங்கும் பயிரைத்தான் யோசிக்க வேண்டும். மாசியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால், சவர் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மூன்றாவது ஆண்டில் தெரிந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரரும் எழுதினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மழை விட்ட மார்கழி மாலைகளில் வைரவம் தருவையின் கரையில் ஆட்கள் நிற்பதைப் பார்க்கலாம். தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இந்தக் கோடைக்கு வாழை வைக்கலாமா, முருங்கையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டு பைக்கை எடுப்பார்கள். எம்.எல். தேரியில் கால்வாய்க்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.